ஒரே ஏர்போர்ட்தானேன்னு நம்பி கோலாலம்பூர்ல ஃப்ளைட்டை விட்ட கதை

என் பொண்ணு மெல்போர்ன்ல இருக்கா. தலைப்பிரசவம். அங்க அவளும் மாப்பிள்ளையும் மட்டும்தான், ஒத்தாசைக்கு ஆள் கிடையாது. வீட்டுக்காரருக்கு அப்பதான் ஸ்டென்ட் வச்சு மூணு மாசம் ஆகியிருந்துச்சு, டாக்டர் பயணம் வேணாம்னுட்டார், அதனால 2025 பிப்ரவரியில நான் மட்டும் தனியா கிளம்பினேன். அதுக்கு முன்னாடி நான் ஏறின ஒரே ஃப்ளைட் சென்னையிலேர்ந்து டெல்லி, அதுவும் ஊர்ல பத்து பேரோட காசி போனப்ப. இதை எழுதறதுக்குக் காரணம், என்னை மாதிரி தனியா பிள்ளைங்களைப் பார்க்கப் போற அம்மா அப்பாக்கள் நிறைய பேர் திருச்சியிலேர்ந்து கோலாலம்பூர் வழியாத்தான் போறீங்க, எனக்கு ஒருத்தராவது முன்னாடியே சொல்லியிருந்தா 38,600 ரூபாயும் பதிமூணு மணி நேரமும் நான் அழுத அழுகையும் மிச்சமாயிருக்கும்.

டிக்கெட்லதான் எல்லாம் ஆரம்பிச்சுது. டவுன்ல ஒரு டிராவல்ஸ்காரர்கிட்ட போட்டோம், அவர் ரெண்டு வழி சொன்னார், ஒரே டிக்கெட்டா போட்டா 37,000 கிட்ட வருது, தனித்தனியா போட்டா திருச்சி டு கோலாலம்பூர் 9,800, அங்கேர்ந்து மெல்போர்ன் 21,400, ஆக ஆறாயிரம் ரூபா மிச்சம், நடுவுல மூணரை மணி நேரம் இருக்கு, தாராளம் அம்மான்னார். ரெண்டு டிக்கெட்லயும் ஊர் பேருக்குப் பக்கத்துல கே யு எல்னு அதே மூணு எழுத்துதான் போட்டிருந்துச்சு, அதனால ஒரே ஏர்போர்ட்தானே, இறங்கி பக்கத்து கேட்ல ஏறிடலாம்னு நினைச்சுட்டேன். அந்த மூணு எழுத்துக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு டிக்கெட்ல டெர்மினல் 2ன்னும் இன்னொண்ணுல டெர்மினல் 1ன்னும் இருந்ததை நான் பார்க்கல, அவரும் சொல்லல, வீட்ல ஒருத்தரும் கவனிக்கல.

இங்க ஒண்ணு சொல்லிடறேன். தனித்தனி டிக்கெட்னா அது தனித்தனி பயணம். முதல் ஃப்ளைட் லேட்டானா ரெண்டாவது கம்பெனிக்கு அதுல ஒரு சம்பந்தமும் இல்ல. உங்க பெட்டியும் மெல்போர்னுக்குப் போகாது, கோலாலம்பூர்ல வந்து விழும், நீங்கதான் இமிக்ரேஷன் தாண்டி மலேசியா நாட்டுக்குள்ள போயி அதை எடுத்துக்கிட்டு, மறுபடி கவுண்டர்ல போட்டு, மறுபடி செக்யூரிட்டி, மறுபடி இமிக்ரேஷன் எல்லாம் பண்ணணும். ஒரே பிஎன்ஆர்ல, அதாவது ஒரே புக்கிங் நம்பர்ல டிக்கெட் இருந்தா பெட்டி தானா போயிடும், நீங்க உள்ளுக்குள்ளயே மாறிக்கலாம், முதல் ஃப்ளைட் தாமதத்தால அடுத்தது போச்சுன்னா அடுத்த ஃப்ளைட்ல ஏத்திவிட வேண்டியது அவங்க பொறுப்பு. ஆறாயிரம் ரூபாய்க்கு நான் வித்தது இந்தப் பாதுகாப்பைத்தான்.

ராத்திரி 11.55க்குக் கிளம்ப வேண்டியது பன்னெண்டரைக்குத்தான் கிளம்புச்சு. அங்க நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அதனால 6.40க்கு இறங்க வேண்டியது 7.15க்கு இறங்கினோம். ரெண்டாவது ஃப்ளைட் 10.10க்கு. இன்னும் மூணு மணி நேரம் இருக்கேன்னு நிம்மதியா மத்தவங்க பின்னாடியே நடந்தேன். நடக்கறேன் நடக்கறேன் முடியவே இல்ல. நாங்க இறங்கினது தனியா நிக்கிற கட்டடம், அதுக்கும் மெயின் கட்டடத்துக்கும் நடுவுல உசரத்துல ஒரு பாலம் மாதிரி போட்டிருக்காங்க, ஸ்கைபிரிட்ஜ்னு பேரு, 300 மீட்டர் இருக்கும், கண்ணாடி வழியா பார்த்தா நம்ம காலுக்குக் கீழ விமானம் ஊர்ந்து போகுது. எனக்கு அப்ப அது ரொம்ப அதிசயமா இருந்துச்சு, நின்னு போட்டோ எல்லாம் எடுத்தேன். அந்த பத்து நிமிஷத்தை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. முட்டிவலி இருக்கறவங்க டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டு வச்சுடுங்க, அங்க போயி கேட்டா உடனே கிடைக்காது.

இமிக்ரேஷன் ஹால்ல போயி நின்னப்ப எட்டு மணி ஆகப்போகுது, நாலஞ்சு ஃப்ளைட் கூட்டம் ஒண்ணா நிக்குது. அரைமணி நேரம் நின்னு ஆஃபீசர்கிட்ட போனா, அவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிட்டு எம்டிஏசின்னார். எனக்கு ஒண்ணும் புரியல. சுவத்துல இருந்த ஒரு க்யூஆர் கோடைக் காட்டி, போயி முடிச்சிட்டு வான்னு கையை ஆட்டிட்டார். மலேசியாவுக்குள்ள போறவங்க ஆன்லைன்ல போடவேண்டிய அரைவல் கார்டு அது, 2024 ஜனவரியிலேர்ந்து கட்டாயம், வர்றதுக்கு மூணு நாள் முன்னாடிலேர்ந்து போடலாம், ஒரு பைசா செலவில்ல. உள்ளுக்குள்ளயே ஃப்ளைட் மாறுறவங்களுக்கு இது வேண்டியதில்ல, ஆனா என்ன மாதிரி பெட்டி எடுக்க வெளிய போறவங்களுக்கு வேணும். என் ஃபோன்ல ரோமிங் போடல. ஏர்போர்ட் வைஃபை ஃப்ரீதான், ஆனா அதுல எப்படிச் சேர்றதுன்னு தெரியாம கை நடுங்குது, பிறந்த தேதியை ரெண்டு தடவை தப்பா அடிச்சேன், கடைசியில என் கூட ஃப்ளைட்ல வந்த ஒரு காலேஜ் பையன், ஆன்ட்டி குடுங்கன்னு வாங்கி அடிச்சுக் குடுத்தான். மறுபடி வரிசையில கடைசி ஆளா போயி நின்னேன். (இந்த கார்டை வீட்லயே போடுங்க, மலேசிய இமிக்ரேஷன் துறையோட சைட்லயே போடுங்க, தேடினா காசு கேக்கற வேற சைட் எல்லாமும் வரும், ஏமாந்துடாதீங்க. இன்னொண்ணு, நம்ம இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் 1லேர்ந்து 30 நாள் வரைக்கும் விசா இல்லாமலே உள்ள விடறாங்க, அதை 2026 கடைசி வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. அந்த சலுகை இல்லாத காலமா இருந்தா என்னால பெட்டியைக்கூட எடுக்க முடிஞ்சிருக்காது. அதனால போற சமயத்துல அது இருக்கான்னு பார்த்துட்டு டிக்கெட் போடுங்க.)

பாஸ்போர்ட்ல முத்திரை விழுந்தப்ப மணி 9.05. இன்டர்நேஷனல் ஃப்ளைட்டுக்குக் கவுண்டர் ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்க, அதாவது 9.10க்கு. எனக்கு அது தெரியாது. 10.10 வரைக்கும் நேரம் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு பெல்ட்ல பெட்டியைத் தேடறேன். செவப்பு ரிப்பன் கட்டின பெட்டி, உள்ள பிரசவ லேகியம், பருப்புப்பொடி, பூண்டு ஊறுகாய், பேரப்பிள்ளைக்கு என் மாமியாரோட பழைய புடவையில தைச்ச நாலு துணி. பெட்டியைத் தள்ளிக்கிட்டு மேல டிப்பார்ச்சர் மாடிக்குப் போயி இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் கவுண்டர் கவுண்டரா என் கம்பெனி பேரைத் தேடறேன், கிடைக்கவே இல்ல.

அப்ப தரை துடைச்சுக்கிட்டிருந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துட்டு பக்கத்துல வந்து, அக்கா தமிழான்னு கேட்டாங்க. அந்த ஒரு வார்த்தையில எனக்குக் கண்ணு நிறைஞ்சுடுச்சு. டிக்கெட்டை வாங்கிப் பார்த்துட்டு, "ஐயோ அக்கா, இது டெர்மினல் டூ லா, உங்க ஃப்ளைட் ஒன்னுல, ட்ரெயின் எடுக்கணும்"னாங்க. ட்ரெயினுக்கு எவ்வளவுன்னு கேட்டதுக்கு ரெண்டு வெள்ளின்னாங்க. எனக்கு வெள்ளின்னா கொலுசுதான் ஞாபகம் வருது, பேந்தப் பேந்த முழிச்சேன். மலேசியாவுல நம்ம ஆளுங்க ரிங்கிட்டைத்தான் வெள்ளின்னு சொல்றாங்க. என்கிட்ட இருந்தது இந்திய ரூபாயும் மாப்பிள்ளை குடுத்து வச்சிருந்த கொஞ்சம் ஆஸ்திரேலியா டாலரும்தான். ஏடிஎம்ல கார்டைப் போட்டேன், எடுக்கல. அப்புறம்தான் தெரிஞ்சது, 2020ல ரிசர்வ் பேங்க் கொண்டுவந்த விதிப்படி நம்ம கார்டு வெளிநாட்டுல வேலை செய்யாத மாதிரிதான் குடுப்பாங்க, நாமதான் பேங்க் ஆப்ல போயி ஆன் பண்ணிக்கணும். அந்த அம்மா யூனிஃபார்ம் பாக்கெட்லேர்ந்து ரெண்டு ஒத்தை வெள்ளி நோட்டை எடுத்து என் கையில வச்சு மூடி, "ஓடுங்க அக்கா"ன்னாங்க.

ட்ரெயின் மூணே நிமிஷம்தான். ஆனா ஸ்டேஷனைக் கண்டுபிடிச்சு, டிக்கெட் எடுத்து, ட்ரெயினுக்குக் காத்திருந்து, அங்க இறங்கி லிஃப்ட்ல அஞ்சாவது மாடிக்குப் போறதுக்குள்ள 9.50 ஆயிடுச்சு. கவுண்டர் இருந்துச்சு, பெல்ட் ஓடாம நின்னிருந்துச்சு, பக்கத்துல ஒரு பொண்ணு கம்ப்யூட்டரை அணைச்சுக்கிட்டிருந்தா. என் டிக்கெட்டைப் பார்த்துட்டு 'க்ளோஸ்ட்'னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா. விமானம் அங்கதான் நிக்குது, இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, ஆனா என்னால போக முடியாது. பொண்ணுக்கு டேட் நெருங்கிடுச்சும்மா, விடும்மான்னு தமிழ்லயே கெஞ்சினேன், அவளுக்குப் புரியவும் இல்ல. அப்படியே பெட்டி மேல உக்காந்து அழுதேன். எனக்கு வயசு 53, நாலு பேர் பார்க்க நான் அப்படி அழுததே கிடையாது.

வைஃபைல வாட்ஸாப் கால் போட்டு மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லல, "அத்தை, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்"னார். ராத்திரி 11 மணி ஃப்ளைட்ல ஒரு சீட் கிடைச்சுது, நம்ம காசுக்கு 38,600. நானே என் கார்டுல போட்டிருக்கணும்னா முடிஞ்சிருக்காது, ஓடிபி வர்ற நம்பருக்கு ரோமிங் இல்லையே. பழைய 21,400 போனது போனதுதான், ஏறாத பயணிக்கு அவங்க ஒண்ணும் தரமாட்டாங்க, அப்புறம் பொண்ணு எழுதிக் கேட்டதுல டாக்ஸ் பங்கு மட்டும் கொஞ்சம் திரும்பி வந்துச்சு. நீங்களும் விட்டீங்கன்னா அதைக் கேக்க மறந்துடாதீங்க, கேக்காம வராது.

இப்ப பதிமூணு மணி நேரம் ஓட்டணும். பெட்டியை உடனே போட முடியாது, கவுண்டர் திறக்க இன்னும் பத்து மணி நேரம் இருக்கு. கொஞ்சம் டாலரை மாத்திக்கிட்டேன். பொண்ணு தேடிப் பார்த்துட்டு டெர்மினல் 2ல மணிக்கணக்குல வாடகைக்கு விடற காப்ஸ்யூல் ஹோட்டல் இருக்கு, அங்க போயி படும்மான்னு சொன்னா, அதனால மறுபடி டெர்மினல் 2. ரெண்டுக்கும் நடுவுல ஃப்ரீ பஸ்ஸும் இருக்கு, பத்து நிமிஷம் ஆகும், கையில வெள்ளி இல்லாதவங்களும் ராத்திரி ட்ரெயின் நின்னப்புறம் மாறுறவங்களும் அதுல போகலாம், எனக்குக் காலையில அதுவும் தெரியாது. காப்ஸ்யூல்னா மரப்பொட்டி மாதிரி ஒரு அறை, ஒரு ஆள் படுக்கலாம், உள்ள லைட், ஃபேன், திரை. பொம்பளைங்களுக்குத் தனியா இருக்கு. ஆறு மணி நேரத்துக்கு 110 வெள்ளி வாங்கினாங்க, குளிக்க வெந்நீர், துண்டு எல்லாம் அதுலயே. அங்கயே மால் ஒண்ணு இருக்கு, கீழ சூப்பர் மார்க்கெட்ல தண்ணியும் வாழைப்பழமும் ஊர் விலைக்குக் கிடைச்சுது, மேல கடைகள்ல வாங்கறதைவிட பாதிக்கும் கம்மி. நம்ம சாப்பாட்டுக் கடையும் இருக்கு, ரொட்டி சானாய்னு பரோட்டா மாதிரி ஒண்ணு, பருப்புக் குழம்பு ஊத்தித் தந்தாங்க, அன்னிக்கு முதல் சாப்பாடு அதுதான்.

போற வழியில அந்த அம்மாவைத் தேடிப் பிடிச்சேன். ரெண்டு வெள்ளியைத் திருப்பிக் குடுத்தேன், வாங்கவே மாட்டேன்னுட்டாங்க, கைப்பையில இருந்த முறுக்குப் பொட்டலத்தைக் குடுத்தேன், அதை மட்டும் வாங்கிக்கிட்டாங்க. "பசியாறிட்டீங்களா அக்கா"ன்னுதான் முதல்ல கேட்டாங்க. அவங்க தாத்தா தோட்டத்துல பால்மரம் வெட்டினவராம், அதாவது ரப்பர் மரத்தைக் கீறி பால் எடுத்தவராம், பாட்டி புதுக்கோட்டைப் பக்கமாம், எந்த ஊர்னு தெரியாதாம். ஏன் அக்கா ரெண்டு டெர்மினல், எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சா என்னன்னு நான் கேட்டதுக்கு, "முன்னாடி இன்னும் மோசம் லா, நீங்க பரவால்ல"ன்னாங்க. அது மனசுலயே நின்னுடுச்சு, பொண்ணு வீட்ல போயி உக்காந்தப்புறம் ஒண்ணொண்ணா தேடிப் படிச்சேன்.

அவங்க சொன்னது நிஜம். 1965லேர்ந்து கோலாலம்பூருக்கு ஏர்போர்ட் சுபாங்ல இருந்திருக்கு, ஊருக்குப் பக்கம். அது பத்தாம போனதால செபாங்ல எண்ணெய்ப்பனைத் தோட்டமா இருந்த இடத்துல புதுசா கட்டி 1998 ஜூன்ல திறந்திருக்காங்க, ஊர் நடுவுலேர்ந்து 50 கிலோமீட்டர் கிட்ட. திறந்த புதுசுல கம்ப்யூட்டர் எல்லாம் மக்கர் பண்ணி பெட்டி வராம ஜனங்க மணிக்கணக்குல நின்னிருக்காங்க. அப்ப இருந்தது இப்ப டெர்மினல் 1ன்னு சொல்ற கட்டடம் மட்டும்தான். அப்புறம் குறைஞ்ச கட்டண விமானங்கள் பெருகிப்போச்சு, அவங்களுக்கு மலிவா ஒரு இடம் வேணும்னு 2006ல ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தற்காலிகக் கட்டடம் போட்டாங்க. விமானம் இறங்கற மைதானம் ஒண்ணுதான், ஆனா ரோட்ல சுத்திக்கிட்டு போனா 20 கிலோமீட்டர். அந்த காலத்துல மாறினவங்க பாடு என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அதை மூடிட்டு 2014 மே மாசம் இப்ப இருக்கற டெர்மினல் 2ஐ, வருஷத்துக்கு 4.5 கோடி பேர் போற அளவுக்கு, மெயின் கட்டடத்துலேர்ந்து 2 கிலோமீட்டர் தள்ளி திறந்தாங்க. அப்ப கேஎல்ஐஏ2ன்னு பேர் வச்சாங்க (கேஎல்ஐஏன்னா கோலாலம்பூர் இன்டர்நேஷனல் ஏர்போர்ட்), இப்ப கேஎல்ஐஏ டெர்மினல் 2ங்கறாங்க, அந்த ரெண்டு பெயரும் இன்னும் புழக்கத்துல இருக்கு, ரெண்டும் ஒரே இடம்தான். டிக்கெட் மலிவா இருந்தா பெரும்பாலும் டெர்மினல் 2, பெரிய கம்பெனின்னா டெர்மினல் 1, ஆனா விலையை வச்சு முடிவு பண்ணாதீங்க, மலிவா விக்கறவங்க சிலர் டெர்மினல் 1லயும் இருக்காங்க, டிக்கெட்ல பார்த்துடுங்க.

சாயங்காலம் ஏழு மணிக்கே டெர்மினல் 1க்கு வந்துட்டேன், அப்பதான் தலையைத் தூக்கி அந்தக் கூரையைப் பார்த்தேன். காலையில அதே இடத்துலதான் அழுதேன், கண்ணுல படவே இல்ல. தூண் எல்லாம் மரம் மாதிரி மேல போயி விரியுது, கூரையில மரப்பலகை அடிச்ச மாதிரி வேலைப்பாடு, நடுநடுவுல விளக்கு நட்சத்திரம் மாதிரி. கிஷோ குரோகாவான்னு ஜப்பான்காரர் வரைஞ்சது, காட்டுக்குள்ள ஏர்போர்ட், ஏர்போர்ட்டுக்குள்ள காடுங்கறதுதான் அவர் யோசனையாம். நான் ஏறவேண்டிய கேட் தனியா இருக்கற சாட்டிலைட் கட்டடத்துல. ரெண்டுக்கும் நடுவுல ஓடற ஏரோட்ரெயின் 2023 மார்ச்லேர்ந்து நின்னுபோயி நான் போனப்ப பஸ்லதான் கூட்டிக்கிட்டுப் போனாங்க, அதுக்கே இருபது நிமிஷம் ஆச்சு. 2025 ஜூலையிலேர்ந்து ட்ரெயின் மறுபடி ஓடுது, இருந்தாலும் கேட் நம்பர் சி-ன்னு ஆரம்பிச்சா கடைசி நிமிஷம் வரைக்கும் கடையில நிக்காதீங்க.

செலவு சொல்லிடறேன். புது டிக்கெட், தூங்கினது, சாப்பிட்டது எல்லாம் சேர்த்து 42,000 கிட்ட. மிச்சம் பிடிச்சது ஆறாயிரம். தனித்தனி டிக்கெட்தான் கட்டுப்படியாகும்னு இருக்கறவங்க ராத்திரி ஒண்ணு தங்கற மாதிரி போடுங்க, இல்ல குறைஞ்சது ஏழெட்டு மணி நேரமாவது நடுவுல விடுங்க. மூணரை மணி நேரமெல்லாம் தனியா போற, மொழி தெரியாத, பெட்டி வச்சிருக்கற ஆளுக்குப் பத்தவே பத்தாது. அம்பது அறுபது ரிங்கிட் ஊர்லயே மாத்தி கைப்பையில வச்சுக்கோங்க. மாத்திரை ரெண்டு நாளைக்கு உள்ளது கையிலயே இருக்கட்டும், என் பிரஷர் மாத்திரை பெரிய பெட்டி அடியில இருந்துச்சு, நடுக்கூடத்துல பெட்டியைத் திறந்து லேகிய டப்பாவை எல்லாம் வெளிய எடுத்து வச்சுத்தான் தேடி எடுத்தேன்.

மறுநாள் காலையில மெல்போர்ன்ல இறங்கினேன். லேகியம், பொடி எல்லாத்தையும் கார்டுல எழுதிக் குடுத்தேன், பிரிச்சுப் பார்த்துட்டு விட்டுட்டாங்க, மறைச்சா அபராதம் பெருசு. மூணாம் நாள் பேத்தி பிறந்தா, மாமியார் புடவைத் துணியிலதான் முதல்ல சுத்தினோம்.

திரும்பி வரும்போது ஒரே டிக்கெட். கோலாலம்பூர்ல நாலு மணி நேரம் இருந்துச்சு, பெட்டி சென்னைக்குப் போயிடுச்சு, இமிக்ரேஷன் வரிசை இல்ல, ஓட்டம் இல்ல. சாட்டிலைட் கட்டடத்து நடுவுல நிஜமாவே ஒரு காட்டுத்துண்டை வளர்த்து வச்சிருக்காங்க, மரப்பலகைப் பாதையில நடந்து உள்ள போகலாம், ஈர மண் வாசம் வருது, ஒரு நார்த்தங்கா இலை மாதிரி ஒண்ணைக் கிள்ளி மோந்துகூட பார்த்தேன். போன வாரம் என் நாத்தனார், தன் பிள்ளையைப் பார்க்கப் பெர்த் போக டிக்கெட் எடுத்திருக்கேன்னு சொன்னா. வாங்கிப் பார்த்தேன். டெர்மினல் 2ல இறங்கி டெர்மினல் 1ல ஏறணும், நடுவுல நாலு மணி நேரம். உடனே டிராவல்ஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி மாத்தச் சொன்னேன், மூவாயிரம் கூட ஆகும்னார், குடுத்துட்டு வந்தோம்.